இடக்கண் மைனஸ் நான்கு

டிசம்பர் ஒன்பது. வல்பரைசோ குன்றின் மேல்
ஒரு துண்டு மேகம்கூட இல்லை.
யூகலிப்டஸ் மரங்கள் எண்ணெயாய் எரிந்தன.
கடலை நோக்கி இறங்கிய காற்று
போகிற போக்கில் எங்கள் தெருவையும்
கையைப் பிடித்து இழுத்துப் போனது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை:
கண் பார்க்கும் அறை, கண்ணாடி அறுக்கும் எந்திரம்,
என் மேசைக்குக் கீழே
குளிர்காலத்தில் காலுக்குச் சூடு தரும் கறுப்புப் பெட்டி.
பதினோராயிரத்து அறுநூறு பேரின் பார்வை
அதற்குள் இருந்தது.
மறுநாள் காலை
அடையாளத்துக்கு நான்கு திருகாணிகள் மிச்சம்.

"நகல்தான் இருக்கிறதே" என்றார் கிரிசெல்டா,
முகமெல்லாம் கரியோடு,
வீட்டில் உப்பு இருக்கிறது என்பதுபோல.

அந்த நகலை ஆறு வருடம் கேலி செய்த கணக்கன் நான்.
மாதம் பதினெட்டாயிரம் பேசோ
'மேகம்' என்று பற்று எழுதும்போதெல்லாம்
"இது ஒருநாளாவது பெய்யுமா?" என்பேன்.
அவர் நிமிரமாட்டார்.
யார் கண்ணிலோ விளக்கடித்துக்கொண்டிருப்பார்.

மேகம் ஃபின்லாந்தில் இருந்தது.
பனிக்கு நடுவே ஏதோ ஒரு கட்டடம்.
காவலிருப்பவர்களுக்கே புரியாதபடி பூட்டப்பட்டு
எங்கள் குன்றின் கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும்.
திறக்க முப்பத்திரண்டு எழுத்துச் சாவி.
அதை எழுதிய தாள் ஒன்று இழுப்பறையோடு போனது.
இன்னொன்று அந்தோஃபகாஸ்தாவில்,
தங்கை எதெல்வினாவின் தையல் டப்பாவில்.

பள்ளி விளையாட்டுக் கூடம். இரவல் மடிக்கணினி.
பேக்கரிக்காரர் தந்த இணையம்.
போனில் எதெல்வினா வாசிக்கிறார்.
"பி."
தப்பு.
"எட்டாக இருக்குமோ?"
தப்பு.
ஒரு மணி நேரம் காத்திரு என்கிறது திரை.
"கண்ணாடி போட்டிருக்கிறாயா, எதெல்வினா?"
அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு:
"புதுசு செய்து தருகிறேன் என்றாயே அக்கா,
போன ஈஸ்டருக்கு."

பக்கத்து வீட்டுப் பையன் வந்து வாசித்தான். திறந்தது.

நூற்றில் இரண்டு. நூற்றில் மூன்று.
இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக.
பெய்தது என்று எழுதக் கை வருகிறது.
எழுதமாட்டேன்.
மழை வேண்டியிருந்தது வேறு இடத்தில், முந்தின நாள்.

விடியும்போது வாசலில் வரிசை.
ஓடியவர்கள் குழந்தையை எடுத்தார்கள், நாயை எடுத்தார்கள்,
ஒருவர் தையல் எந்திரத்தையே தூக்கிவந்திருந்தார்;
தலைமாட்டில் கழற்றிவைத்த கண்ணாடியை
யாரும் எடுத்திருக்கவில்லை.
எரிந்தது தன் வீடா அடுத்த வீடா என்றுகூடத்
தெரியாமல் நின்றார்கள்.

பெயர் சொன்னால் திரையில் கண் வந்தது.
பேருந்து ஓட்டும் ஹெர்மோஹெனெஸ்:
வலக்கண் மைனஸ் மூன்றே கால், இடக்கண் மைனஸ் நான்கு.
"ஆமாம், இடது கொஞ்சம் சோம்பேறி" என்று
தன் கண்ணையே யாரோ திருப்பித் தந்ததுபோலச் சிரித்தார்.

பிறகு யூசெபியா. பெயர் இல்லை.
"நவம்பர் கடைசியில் வந்தேனே,
முகவாயை அந்தத் தாங்கியில் வைத்துக்கொண்டு
அரை மணி நேரம்?"

எனக்குத் தெரியும். இருபத்தெட்டாம் தேதி பந்தாட்டம்.
படம் திக்கித் திக்கி ஓடியது.
நகலெடுப்பு இணையத்தை விழுங்குகிறது என்று
'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினேன்.
அந்தப் 'பிறகு' வரவே இல்லை.
பதினோரு நாள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள்.

சொன்னேன். கிரிசெல்டா திட்டவில்லை.
பள்ளிக் கரும்பலகையைத் துடைத்து
மேலே பெரிய எழுத்து, கீழே சிறியது எனச்
சாக்பீஸால் வரைந்தார்.
"அவர்களைக் கூட்டி வா."

"பட்டியல் இல்லையே."

"அதனால்தான் உன்னை அனுப்புகிறேன்."

சாம்பல் கணுக்கால்வரை புதைய மேடேறினேன்.
"நவம்பர் கடைசியில் கண் பார்த்தவர்கள் யார்?"
தக்காளி விற்கிறவன்போலக் கத்தினேன்.

புகைக்குள் குனிந்து எதையோ கிளறிக்கொண்டிருந்தவர்கள்
ஒவ்வொருவராக நிமிர்ந்து,
கண்ணைச் சுருக்கி,
குரல் வந்த பக்கம் திரும்பினார்கள்.