நுனியில் மொட்டு

இராயக்கோட்டை சாலையில்
மோட்டார் காயில் கட்டுகிற என் கடைக்கு
ஒரு வாள் பழுதுக்கு வந்தது.

யாரையும் குத்தாமலே
குத்தியதாக விளக்கு எரிகிறதாம்.
நாகவேணி, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
நாளை மறுநாள் மாவட்டப் போட்டி.

அலகு நெடுக மயிரிழைக் கம்பி.
நுனியில் ஸ்பிரிங் பொத்தான்.
முன்பு அங்கே தோல் சுற்றிய உருண்டையாம்;
அது மொட்டு மாதிரி இருக்கப்போய்
பிரெஞ்சுக்காரர்கள் வாளுக்கே
பூவின் பெயரை வைத்துவிட்டார்களாம்.

"கூரை எதுக்கும்மா மழுக்கினாங்க?"
"நாளைக்கும் அதே ஆள் வேணுமில்ல, சண்டைக்கு."

மல்டிமீட்டர் முள் அசையவில்லை.
கைப்பிடிக்கு அடியில் அறுந்திருந்தது.
பற்றவைத்தேன்.

மியூசியத்து நடுகல்லில் ஒருவன்,
மாடு மீட்கப் போனவன்,
உடம்பெல்லாம் அம்பு, கையில் குறுவாள்.
மாடுகள் திரும்பின.
அவனை எய்தவனுக்கும் அவனுக்கும்
மறுநாள் ஆட்டம் இல்லை.

சோதிக்க நெஞ்சைக் காட்டினேன்.
கையோடு கொண்டுவந்த பெட்டியில்
வெள்ளை விளக்கு.

"இது கணக்குல வராதுண்ணா,
உங்க சட்டையில ஜரிகை இல்ல."

எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
மொட்டு பட்ட இடம்
அடுத்த மிக்ஸியைத் திறக்கும்வரை
குறுகுறுத்தது.