நிற்கும் வண்டிக்கு

கோரிப்பாளையம் சிக்னலில் முள் சிவப்பைத் தொட்டபோது
ஸ்டியரிங்கில் இருந்தது சகாயராணி.
பயிற்சியின் ஆறாம் நாள், கத்திரி வெயிலின் மூன்றாம் நாள்.
"எதையும் தப்பா மிதிச்சிட்டேனா மேடம்?"
இல்லை.
உள்ளே சுற்ற வேண்டிய ஒன்று சுற்றவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாருதி எண்ணூறு.
என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.
அதை நம்பித்தான் ஒரு நாளைக்கு ஒன்பது பேர்
ரேஸ்கோர்ஸ் ரோட்டில் என் உயிரை ஓட்டிப் பழகுகிறார்கள்.

உக்கிரபாண்டி விசிறியைக் கழற்றிக் கையால் சுழற்றினான்.
அரை வட்டம் கரகரத்தது, பிறகு முரண்டு.
"கார்பன் தேஞ்சு புஷ்ஷும் போயிருச்சுக்கா.
கட்டுனா ஒரு மாசம் ஓடும். மாத்திருங்க."
சகாயராணியின் வருகைத் தாளைத் திருப்பிப் போட்டு
பழையதின் மூன்று துளைகளையும்
கிரீஸ் விரலாலேயே அச்செடுத்தான்.
"இதுல உக்காரணும். உக்காராட்டி வாங்காதீங்க."

சிம்மக்கல். அபுதாகிர் கடை.
மேசைக்கு மூன்று விசிறிகள் வந்தன.

புதுசு முதலில். பெட்டியில் தங்க நிற முத்திரை,
கையில் எடுத்தால் அப்பளக் கட்டின் கனம்.
கேரண்டி கேட்டேன்.
"கடை வாசல் வரைக்கும் உண்டும்மா" என்றார், சிரிக்காமல்.
அந்த நேர்மைக்காகவே வாங்கியிருப்பேன்.

அடுத்தது பெரிய வண்டியின் ஏழிறக்கை.
போட்டுக் காட்டினார், பில் புத்தகம் பறந்தது.
ஆனால் அதற்குக் கூண்டை அறுக்க வேண்டும்.
அது இழுக்கிற கரண்டுக்கு
இருபத்தைந்து வருஷத்து ஒயர் என்ன பதில் சொல்லும்?
பீரோவுக்காக நிலைக்கதவை இடிக்கிற கதை.

மூன்றாவது, எங்கோ மோதி நொறுங்கிய வண்டியில் கழற்றியது.
இறக்கை இடுக்கில் செம்மண்,
நம் பக்கத்து மண் இல்லை.
சுண்டிவிட்டேன். நாலைந்து சுற்று,
முனகாமல் ஓய்ந்தது.
தாளை வைத்தேன்.
மூன்று துளையும் மூன்று வட்டத்தில்.

டீயோடு நின்ற டாக்ஸிக்காரர்
"இதுக்கா இம்புட்டு யோசனை" என்றார்.
"திருமங்கலத்துல ஃபேன் நின்னுச்சு. சாத்தூர் வரைக்கும் போனேன்,
முள்ளு அசையல."
உண்மைதான்.
எண்பதில் போகிறவருக்குக் காற்று சும்மா கிடைக்கிறது.
முதல் கியரில் இருப்பவர்கள்தான்
காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.
ஆயிரத்து எண்ணூறு சொன்னார்,
ஆயிரத்து ஐந்நூற்றைம்பதில் முடித்தேன்.

மாட்டியதும் நல்ல இரைச்சல்.
உக்கிரபாண்டி கை துடைத்துக்கொண்டு நின்ற நிற்பில்
கூலி ஏறிக்கொண்டிருந்தது.
முள்ளும்தான்.
தாளை கிரில்லின் முன்னால் பிடித்தேன்.
பறந்துபோய் எதிர்க்கடைச் சாக்கடை ஓரம் விழுந்தது.
இழுக்க வேண்டியது ஊதிக்கொண்டிருக்கிறது.
அவன் ஒன்றும் பேசவில்லை,
இரண்டு ஒயரையும் இடம் மாற்றினான்.
இந்த முறை தாள் என் கையைவிட்டுத் தாவி
கிரில்லில் அப்பிக்கொண்டது,
தேதிகள் எல்லாம் என்னைப் பார்த்தபடி.

"சென்சார் எதுக்குக்கா, டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சிரலாம்.
வேணும்ங்கிறப்ப போட்டுக்கங்க."
வேண்டாம்.
கிளச்சே ஞாபகம் இல்லாத ஒன்பது பேர் ஏறுகிற வண்டி.
சூடு தானே கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஏழாம் நாள், ஏ.வி. பாலத்து நடுவில்
சகாயராணி வண்டியை அணைத்துவிட்டாள்.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ,
அதன் பின்னால் மதுரை மொத்தமும்.
அவள் கை சாவியைத் தேடுகிறது, கால் எதையும் தேடவில்லை.
இன்ஜின் செத்த அந்த இடைவெளியில்
முன்னாலிருந்து அது மட்டும் சுற்றத் தொடங்கியது.
"அது என்ன சத்தம் மேடம்?"
"நமக்கு இல்ல. நீ நியூட்ரலுக்கு வா."

இறங்கும்போது ஏழாம் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.
பின்பக்கத்துக் கிரீஸ் ஊறியிருந்ததால்
பேனா வழுக்கியது.
மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது.