நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

ஷார்ஜா, அல் நஹ்தா, எட்டாவது மாடி.
பலகை வைத்துத் தடுத்த ஹாலின் பாதியில்
நாங்கள் நான்கு பேர்.
என் விசிட் விசாவில் மீதம் இருபத்தாறு நாள்.

சிவியை ஏற்று என்கிறது தளம். ஏற்றுகிறேன்.
வாங்கி விழுங்கிவிட்டு
அதையே இனிப் பெட்டி பெட்டியாகத் தட்டு என்கிறது.
முதல் பெயர்.
கடைசிப் பெயர்.
கடைசிப் பெயர் என்று எனக்கு ஒன்றும் கிடையாது,
அதை ஒத்துக்கொள்ளும் பெட்டியை
இன்னும் யாரும் செய்யவில்லை.
பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரைக் கொடுத்தேன்.
அன்றிலிருந்து
‘அன்புள்ள திரு. எசக்கிமுத்து, வருந்துகிறோம்’ என்று
பதினேழு கம்பெனிகள்
அப்பாவை வேண்டாம் என்றிருக்கின்றன.
அவர் எட்டயபுரம் சந்தையில்
ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருப்பார்.
போனில் சொன்னேன்.
‘ஏளா, பதினெட்டாவதுக்கு நானே வாரேன்னு சொல்லு’ என்றார்.

எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிப் பெட்டி,
ஒரே நீலப் பொத்தான்.
நேற்றுச் சொன்னது இன்று ஞாபகமில்லை.
கீழே குப்பூஸ் கடைக்காரர்
இரண்டாம் நாளே ‘நாலுதானே’ என்று எடுத்துவைத்தார்.

பஸீராதான் ஆரம்பித்தாள்.
கார்கோ ஆபீசில் இன்வாய்ஸ் போட்டுப் பழகிய கை.
ஒரு ஷீட். நான்கு வரிசை, நாற்பத்தொரு பத்தி.
எங்கள் எல்லாரையும் ஒரு தடவை கேட்டு
ஒரு தடவை எழுதினாள்.
எதிர்பார்க்கும் சம்பளத்தில்
ஐயாயிரம் என்று நின்றோம் எல்லாரும்,
மாதக் கடைசியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு
ஒன்றாக இறங்கினோம்.
யார் கை சும்மா இருக்கிறதோ
அவள் மற்றவளுக்கு எடுத்து ஒட்ட வேண்டும்.
டூட்டியில் இருப்பவளுக்கு ஓடிபி போகும்,
லிஃப்டில் நின்று
ஆறு இலக்கத்தை வாய்ஸ் நோட்டில் கத்துவாள்.

இப்படித்தான் எனக்குத் தெரியும்
தமயந்தி அக்கா இரண்டு வயதை மறைத்தது,
பஸீராவுக்கு வரலாற்றில் தொண்ணூற்றெட்டு,
ரூபி மாடி மாடியாகப் படுக்கை விரிக்கிற ஹோட்டலில்
அவள் நர்சிங் படித்தவள் என்று யாருக்கும் தெரியாதது.

நேற்றிரவு ரூபிக்காக
அஜ்மானில் ஒரு கிளினிக்.
பத்தி முப்பத்துமூன்று:
மார்ச் 2021 முதல் பிப்ரவரி 2022 வரை
பணியில் இடைவெளி. காரணம் கூறுக, நட்சத்திரம்.
ஷீட்டில் அவள் பதில் தயாராக இருந்தது:
குடும்பப் பொறுப்புகள்.
அந்தக் கட்டத்தின் மூலையில்
எறும்பளவு ஆரஞ்சு முக்கோணம்.
விரல் பட்டு விரிந்துவிட்டது.
தனக்காக எழுதிவைத்த குறிப்பு:
‘ஜெரின் இருந்த மாதங்கள்.’

பத்தி ஒன்பதுக்குப் போய்ப் பார்த்தேன்.
சார்ந்திருப்போர்: பூஜ்யம்.

ஏசி ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது.
ஐம்பது எழுத்துக்குள் அடங்க வேண்டுமாம்.
அடங்கியது.
சமர்ப்பி.
ஓடிபி கேட்டது.
துணி மடிக்கிற அறையிலிருந்து அவள் குரல்,
பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம்,
நான்கு, நான்கு, ஒன்று,
எப்போதும் போலத்தான் சொன்னாள்.

விடிந்து வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே
‘எல்லாம் நிரப்பிட்டியா?’
‘நட்சத்திரம் போட்டதை மட்டும்.’
என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.
பிறகு குளிக்கக்கூடப் போகாமல்
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வரிசையைத் திறந்தாள்.
ஒட்டினாள். ஒட்டினாள்.
‘உங்க அப்பாவுக்கு
லேப் டெக்னீஷியனா எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்?’