பனி, இரண்டு மொழிகளில்

காலை எட்டு மணிக்கு
மழைக்குழலைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.
நேற்று நூற்றெண்பத்தாறு மில்லிமீட்டர்.
ஈரத்தில் பேனா வழுக்கி
ஆறு, எட்டு மாதிரி விழுந்தது.
திருத்தவில்லை.

இருதயராஜ் குரல் அனுப்பியிருந்தான்.
என் தம்பி. இமாசலத்தில்
சுரங்கம் குடையும் கம்பெனியில் வெல்டர்.
மூன்று நாளாக வேலை இல்லையாம்.
"மேல புதுசா ஒரு ஏரிக்கா.
போன வருசம் அங்க வெறும் பனிக்கட்டி.
கரைன்னு ஒன்னும் இல்ல,
கல்லும் சேறும் குவிஞ்சு கெடக்கு, அதான் அணை.
மலையவே பனிதான் புடிச்சு வச்சிருந்துச்சு போல.
ராத்திரி மேல எதுவோ முறியுற சத்தம்."
கொஞ்ச நேரம் காற்று இரைச்சல்.
பிறகு,
"அம்மாட்ட சொல்லாத."

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் ஷைலம்மா
வாசலில் நின்று கேட்டுவிட்டாள்.
"பனியோ? ஆர்க்கா பனி?"
பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள்.
மலைக்கு, என்றேன்.
சிரித்தாள்.
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவள் மொழியில் பனி என்றால் காய்ச்சல்.
என் மொழியில்
தை மாதம் கொழுந்தைக் கருக்கும் வெள்ளை.
(இந்தத் தையில் ஒரே ஒரு நாள்தான் விழுந்தது.
சூப்பர்வைசர் லட்டு வாங்கினார்.)
போடிமெட்டு செக்போஸ்டில் இத்தனை வருசம்
அரிசி மூட்டையை இறக்கிச் சோதித்தார்கள்,
கல்யாணச் சீரை இறக்கிச் சோதித்தார்கள்.
இந்த ஒரு சொல் மட்டும்
சோதனை இல்லாமலே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

எங்கள் மலையில் உறைந்த ஆறு எதுவும் இல்லை.
வேர் பிடித்திருக்கிறது,
வேரை மண் பிடித்திருக்கிறது,
மண்ணுக்குள் தண்ணீர் தானே குடைந்துகொண்ட
குழாய்களை யாரும் பார்த்ததில்லை.
கடல் சூடேறிவிட்டது என்கிறார்கள் ரேடியோவில்.
கடல் இங்கிருந்து தெரியாது.
ஒரு மாதத்து மழை
ஒரே ராத்திரியில் இறங்குவது மட்டும் தெரியும்,
கணக்கு எழுதுகிறவள் என்பதால்.

லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால்
தரையில் ஒரு கீறல், நகத்தால் கீறியது போல.
இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி,
நடுவில் சாக்கு தைக்கும் நூல்.
செவ்வாய்க்கிழமை நூல் தொய்வாக இருந்தது.
வியாழக்கிழமை சுண்டினால் சத்தம் வந்தது.
ஆபீசில் சொன்னேன்.
தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார்கள்.
மூடினோம்.
வெள்ளிக்கிழமை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது
நூலின் இரண்டு முனைகளும்
சேற்றில் கிடந்தன.

நிலம் சரிகிறது என்போம் நாங்கள்.
உருள் பொட்டுகிறது என்பார்கள் அவர்கள்.
எதைச் சொல்லிக் கதவைத் தட்டுவது?
இரண்டையும் சொல்லித் தட்டினேன், இருபத்திரண்டு கதவு.
மரியசெல்வம் கோழிகளை விட்டு வரமாட்டேன் என்றாள்.
கோழிகளோடு வரச் சொன்னேன்.
ஒருவர் கேட்டார்:
"வராட்டி?"
மலை வராவிட்டால் நாளைக்கு என்னைத் திட்டுங்கள்,
ஆயுசு முழுக்கத் திட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறோம்.
சுவரில் இந்திய வரைபடம்.
ஈரம் ஏறி, உச்சியில் இருந்த வெள்ளை
பொருக்காக உரிந்து தொங்குகிறது.
அவனுக்கும் எங்களுக்கும் நடுவே
விரித்த என் கை, அப்புறம் நாலு விரல்.
வரைபடத்துக்குக் கீழே அம்மா தூங்குகிறாள்,
கோழிக் கூடையில் கால் வைத்து.

போனை வாயருகில் வைத்தேன்.
"இங்க மழதான். வேற ஒன்னும் இல்ல.
நீ இறங்கி வந்துரு."
அழித்தேன்.
"இறங்கி வந்துரு" என்பதை மட்டும் திரும்பச் சொன்னேன்.
ஒற்றை டிக்.

மணி இரண்டே கால்.
முள்வேலிக்குள் குழல் இந்நேரம்
நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.
வழிந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.