நிலவுக்கணக்கு

செவ்வாய்க்கிழமை, வாழைச்சேனை.
பதினேழாம் இலக்கத் துண்டோடு வந்தவள்
கதிரையின் நுனியில் இருந்தாள்.
கொப்பியில் ரேணுஜா, வயது இருபத்தொன்பது,
நாசிவன்தீவு.
'கணவர் வந்தாரா' என்ற கட்டத்தில்
நான்கு தடவையும் ஒரே கோடு,
எனக்கு முன்பிருந்த டொக்டரின் கோணல் கோடு.

இன்று வந்திருந்தான்.
வெளியே வாகைமரத்தடியில், ஓட்டோக்காரரோடு,
தங்கச்சிக்குத் துணைக்கு வந்த அண்ணனைப் போல நின்றான்.
ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.
மேகவர்ணன் என்று பெயரைச் சொல்லிவிட்டு
கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கல்யாணமாகி நாலு வருசம், என்றாள்.
ஊர் சொல்லிச் சொல்லி
அவளுக்கும் அது மனப்பாடம்.
மூன்று கோயிலில் தொட்டில் கட்டியாயிற்று.
தாய் எழுதிக்கொடுத்த வீட்டில்
ஓர் அறைக்கு மட்டும் இன்னும் கதவில்லை.
"புள்ளைக்கெண்டு விட்ட அறை டொக்டர்."
அவன் நிலத்தைப் பார்த்தான்.
பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை
வேறெங்கே பார்ப்பது.

கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கினேன்.
இதற்கு நல்ல தமிழ் எனக்கு இன்னும் வரவில்லை.
'சேர்ந்திருப்பது' என்பேன், 'ஒன்றாக இருப்பது' என்பேன்.
போன கிழமை ஒருவர்
"ஓம், ஒரே வீட்டிலதான் இரிக்கம்"
என்று சொல்லிவிட்டுப் போனார்.
ஆகவே நாட்களைக் கேட்டேன்.
மாதத்தில் எத்தனை நாள் கரையில்?

"நிலவுக்கு வந்திருவன்.
வெளிச்சத்தில மீன் படாது.
தேய்பிறை தொடங்க ஐஸ் ஏத்தி வெளிக்கிட்டிருவம்.
இருட்டு முழுக்கக் கடல்தான் டொக்டர்."

உங்களுக்கு, தங்கச்சி?
இருபத்தொன்பது நாள். சிலவேளை முப்பது.
பிந்தினதே இல்லை.
பிறகு குரலை மடித்துச் சொன்னாள்:
"இவர் வாற கிழமதான் எனக்கும் அது வாறது."

சுவரில் வங்கி தந்த கலண்டர்.
போயா நாட்களெல்லாம் சிவப்பு,
அன்றைக்கு இந்தக் கிளினிக்கும் பூட்டு.
பேனை முனையால் அவள் நாட்களைத் தொட்டேன்,
தை, மாசி, பங்குனி.
ஒவ்வொரு பூரணைக்கும் இரத்தம்.
கரு தங்கக்கூடிய நாட்கள்
ஒவ்வொரு அமாவாசையை ஒட்டியும்.
அப்போதெல்லாம் அவன்
கரையே தெரியாத தண்ணீரில்
வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நாலு வருசத்தைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
மிஞ்சியது
இயந்திரம் பழுதாகிப் படகு கிடந்த ஒரு மாதம்,
புயல் என்று மறித்து வைத்த இரண்டு கிழமை.
இவ்வளவுதான் இவர்கள் முயன்றது.
மலடி என்ற சொல்லை
யாரோ இவளிடம் கொடுத்துவிட்டுப் போனது
இந்தக் கணக்கை நம்பித்தான்.

சிரிக்க வேண்டாம், என்றேன்.
நாள் பொருந்தினால் பிள்ளை வரும் என்று
நான் எழுதித் தரமாட்டேன்.
இரத்தம் பார்க்கவேணும், ஸ்கான் பார்க்கவேணும்.
உங்களுக்கும், தம்பி, என்று
வெள்ளை மூடிப் போத்தலை மேசையில் வைத்தேன்.

'எனக்கேன்' என்று சண்டை பிடிப்பார்கள்.
இவன் பிடிக்கவில்லை. இவன் பயம் வேறு.
"ஒரு இருட்டு கரையில நிண்டா
சம்மாட்டி வேற ஆள ஏத்திருவார்.
முற்பணமும் ஒண்டரை லட்சம் கிடக்கு."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.
"கதவுக்கெண்டு சீட்டுப் போட்ட காசு
என்னட்ட இரிக்கி."
அவனுக்கு அது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

மெடிக்கல் ஒன்று எழுதலாம், பதினாலு நாள்.
நோய் என்ற இடத்தில் பேனை நின்றது.
"இடுப்பு வலி எண்டு போடுங்க,
சம்மாட்டிக்கும் அதுதான் வருத்தம், நம்புவார்."
'சிகிச்சையில் உள்ளார்' என்று மட்டும் எழுதினேன்.
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

போத்தல் சேட்டுப் பைக்குள் அடங்கவில்லை,
மூடி வெளியே தெரிந்தது.
தாதி பதினெட்டு என்று கூப்பிட்டாள்.
யன்னலால் பார்த்தேன்:
வாகைமரத்தைக் கடக்கும்போது
ஓட்டோக்காரர் நிற்கிற பக்கத்துக்கு
அவள் மாறி நடந்தாள்.