ரவை

தேர்தல் அறிவித்தால்
லைசென்ஸ் உள்ள துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.
எஸ்டேட் கண்டக்டராக இருந்த மாமனாரின் ரிவால்வரைத்
துண்டில் சுற்றி எடுத்துப் போனார் தேவசித்தம்.
ரைட்டர் ஆல்துரை நோட்டைப் புரட்டி,
"ரவை?" என்றார்.
இவர் வாய் திறப்பதற்குள்
"நில்" என்று எழுதிவிட்டார்.
நில் என்றதும் இவர் அங்கேயே நின்றுவிட்டார்.
வீட்டுக்கு வந்தது வெறும் உடம்புதான்.

மே மாதம் கோயம்புத்தூர்.
துப்பாக்கிக் கடைக்காரர்
பித்தளைக் கூட்டை உள்ளங்கையில் உருட்டி,
"இந்த அளவு செஞ்சவன் செத்தே
அறுபது வருஷம் இருக்கும் சார்" என்று
டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

மறுநாள் என் தராசு காணோம்.
பால் காய்ச்சும் கிண்ணம் காணோம்.

முப்பத்து மூன்று வருடம்
அருவங்காடு ஆலைக்குள் இருந்தவர்.
காலைச் சங்குக்கு முன்னால் கேட்டில்
சட்டைப்பை, காலர் மடிப்பு, டிபன் பாக்ஸ் வரை தடவுவார்கள்.
ஒரு தீக்குச்சி உள்ளே போகக் கூடாது
ஒரு பொட்டு மருந்து வெளியே வரக் கூடாது.
வரவில்லை.
அதில் அவருக்கு இருந்த கர்வம்
எங்கள் பெண் டாக்டருக்குப் படித்தபோதுகூட இல்லை.

அப்படிப்பட்டவருக்கு இப்போது மருந்து எங்கிருந்து?
கேட்டேன். காது கேட்கவில்லை.
ஆலை செவிடாக்கிய காது அது,
எது கேட்க வேண்டாமோ அதை மட்டும் கேட்காது.

ஏழு இரவு.
கூட்டைத் தேய்த்து, தட்டி, விளக்கருகே தூக்கிப் பார்த்து
ஓரத்தில் மயிரிழை விரிசலா வெறும் அழுக்கா என்று
கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.
கிண்ணத்தில் ஈயம் உருகியது.
இனி அதில் பால் காய்ச்ச முடியாது.
ஒருநாள் சமையலறைக்குள் பூனைபோல் வந்து
உப்புமா டப்பாவைத் திறந்தார்.
"மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவுல
இடம் காலியா இருக்கக் கூடாது."
"ரவைக்குள்ள ரவையா?" என்றேன்.
எனக்கே சிரிப்பு வந்தது.
அவர் விரல்நுனியில் எடுத்ததை ஊதி
பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

ஜூலை. நான்கு நாளாக ஜகதளா பக்கம் மேகம் இறங்கி
கொடியில் போட்டது எதுவும் காயவில்லை.
ராத்திரி காரட் பாத்தியில் காட்டுமாடு.
ஸ்வெட்டர், மங்கி கேப்,
பிளாஸ்டிக் உறையில் லைசென்ஸ்.
நான் டார்ச் பிடித்தேன்.
"வானத்தைப் பாத்து, சத்தத்துக்குத்தான்" என்றார்
யாரோ விசாரிக்கப் போவதுபோல.

குதிரையை இழுத்தார்.
டிக்.
இன்னொரு டிக்.
ஆறும்.

அது தலையைத் தூக்கியது.
மூக்கில் ஈரம், வாயில் தொங்கும் காரட் இலை.
அவசரமே இல்லாமல் அவரைப் பார்த்தது,
கேட்டில் தடவிப் பார்த்து
ஒன்றுமில்லை, போ என்று அனுப்புகிறவன்போல.
பிறகு அடுத்த பாத்திக்கு நகர்ந்தது.
விடியும் முன் ரயில் பாதைப் பக்கம்
வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.

காலையில் மேஜைமேல் தினத்தாளை விரித்து
ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்.
கட்டி தட்டிய கருப்பு. கட்டி தட்டிய கருப்பு.
நான்காவதிலிருந்து
ஒரு வண்டு
உயிரோடு
நடந்து வந்தது.
வேட்பாளர் படம் ஒன்றைக் குறுக்கே கடந்து
மேஜை விளிம்பில் யோசித்தது.

"என் கையில ஒரு லாட் கூட ரிஜெக்ட் ஆனதில்ல தெரியுமா"
என்றார், வண்டிடம்.

சங்கு ஊதியது.
அவர் கை தானாகப் போய்
சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

டீயை வைத்தேன்.
பச்சை ரவையில் வண்டு விழும்,
வறுத்து வைத்தால் விழாது.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
சொன்னால் வறுப்பார்.