தட்டிப் பார்த்தல்

மூன்றாம் மாடி. மரத்தளம்.
உத்தரங்களுக்கு நடுவே கரித்தூளும் உடைசெங்கல்லும்
கொட்டி மூடியிருக்கிறார் கட்டியவர் யாரோ.
ப்ர்னோவின் இந்த மேட்டுத் தெருவில்
நாலாம் எண் டிராம் வளைந்து ஏறும்போதெல்லாம்
எங்கள் வீட்டுக்குப் பல் தந்தியடிக்கும்.

ராடிமுக்கு அது பொறுக்காது.
பாட்டு கேட்கத்தான் ரேக் வாங்குகிறான் என்று நினைத்தேன்.
நாலு தட்டு, எஃகுக் கால்கள், கால் நுனியில் கூர்முனை,
முனைக்கு அடியில் காசளவு பித்தளைக் குமிழ்.
இரண்டு வாரமாக
ஒரு பாட்டும் முழுதாகக் கேட்கவில்லை நாங்கள்.

ஆம்ப்ளிஃபயர் அடித்தட்டில்.
"அது கனம், அது சூடு, போதாததற்கு முனகும்" என்றான்,
என் அம்மாவைப் பற்றிப் பேசும் அதே குரலில்.
முனகல் எட்டாத தூரத்தில் ஃபோனோ பெட்டி,
உள்ளங்கையில் அடங்குவது,
ஊசி முணுமுணுப்பதை வாங்கிப் பெரிதாக்கிச் சொல்வது.
மின்கம்பியும் ஒலிக்கம்பியும் கூடவே நடக்கக் கூடாது.
சந்தித்தே தீரவேண்டுமென்றால்
குறுக்கே வெட்டிப் போய்விடவேண்டும்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல.

உச்சித் தட்டில் டர்ன்டேபிள்.
அதற்கென்று ஒரு பெட்டி மணல்.
பிறகு சைக்கிள் டியூப், பாதிக் காற்று
(ஒரு பக்கம் சாய்ந்தது).
பிறகு நாய் தூங்கும் நேரம் பார்த்து
அதன் டென்னிஸ் பந்து இரண்டை அறுத்து
நாலு கவிழ்ந்த கிண்ணங்கள்.
கல்லறைக் கல் செதுக்கும் மஹாலேக்கிடம்
ஒதுக்கிப் போட்ட கருங்கல் ஒன்று, பதினெட்டு கிலோ.
அடிப்பக்கம் தடவினால் எழுத்து தட்டுப்படும்:
ஃபிலோமேனா.
பிறந்த ஆண்டில் ஓர் எண் பிசகியிருந்தது.
குப்புறப் படுத்த பெயரின் முதுகில்
எங்கள் இசைத்தட்டு.

சோதனை இப்படி:
தட்டு சுழலாது. ஊசி மட்டும் இறங்கி நிற்கும்.
எந்த நாளும் வைக்காத உயரத்துக்கு ஒலியை ஏற்றி
விரல்முட்டியால் ரேக்கைத் தட்டுவான்,
பானை வாங்குகிறவன் மாதிரி.
முதல் நாள் ஸ்பீக்கரில் இடி விழுந்தது.
டிராம் வந்தது, ஒரு குன்று உருண்டது.
கீழ்வீட்டு குபாட்டோவாவின் துவைக்கும் இயந்திரம்
கடைசிச் சுற்றில் குதிரைப்படை.
சமையலறையிலிருந்து நான் வந்தேன்.
தொம். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம்.
"இடது காலை அழுத்தி ஊன்றுகிறாய்" என்றான்,
திரும்பாமலே.

பதினொரு வருஷத்தில்
என் நடையைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை.
போன குளிர்காலத்திலிருந்து
அந்தப் பக்கத்து முழங்காலில் வலி.
யாரிடமும் சொல்லவில்லை.

மணலுக்கு இடி உறுமலானது.
டியூபுக்கு டிராம் தூரத்து ஊருக்குப் போய்விட்டது.
நான் மட்டும் இருந்தேன்,
மெலிந்து, பஞ்சுக்குள் நடப்பவளாக.
கல்லும் பந்தும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை
"நட" என்றான். நடந்தேன்.
"இன்னும் பக்கத்தில்." போனேன்.
"குதி."
முழங்காலிடம் கேட்டுக்கொண்டு குதித்தேன்.
பலகை கத்தியது. நாய் எழுந்து குரைத்தது.
ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.
"ஒன்றுமே இல்லை!"
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டரின் சந்தோஷம்.
கண்ணீர் என்றால் மிகை. மூக்கு சிவந்திருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு தட்டை
முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். செல்லோ.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
வில் திரும்புமுன் வாசிப்பவர் மூச்சு இழுப்பதும்
நாற்காலி ஒருமுறை கிறீச்சிடுவதும்கூட வந்தன.
சட்டென்று ராடிம் கையை உயர்த்தினான்:
"கேட்டாயா? அங்கே யாரோ
காலை மாற்றி வைக்கிறார்."

கேட்டது என்றேன்.
டீ போட எழுந்து போனேன்,
இடது காலை அழுத்தி.